தோமா மேஸ்திரியின் ரன்னிங் பில்

ஸ்ரீ சிட்டியில் செய்து அனுப்பிய மெட்ரோ ரயில் சென்னையில் நிற்கும் ஸ்டேஷன்களில் ஒன்று சின்னமலை, இன்னொன்று பரங்கிமலை. இரண்டுமே ஒரே ஆளின் விலாசம். முதல் மலையில் ஒளிந்திருந்தார், இரண்டாவதில் உயிரை விட்டார் என்பது ஊர் வழக்கு. பெயர் தோமா. மரியாதையாகச் சொன்னால் புனித தோமையார், இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். தொழில், கட்டட கான்ட்ராக்ட்.

தொழில் விஷயத்தில் நான் விளையாடவில்லை. ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அவர் கையில் மூலைமட்டத்தைக் கொடுத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். கட்டடக் கலைஞர்களுக்குப் பாதுகாவலர் அவர். ஆனால் இந்தியாவில் அவர் எடுத்த அந்த ஒரு பெரிய வேலையின் கதையைக் கேட்டால் எந்த பில்லிங் இன்ஜினியருக்கும் பிரஷர் ஏறும்.

ஜூலை 3 அவருடைய திருநாள். அன்று பிரசங்கத்தில் அவர் சந்தேகப்பட்ட கதையைச் சொல்வார்கள். கான்ட்ராக்ட் எடுத்த கதையைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். ஸ்ரீ சிட்டி மாதிரி ஊரில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2008-ல் தொடங்கி, சத்தியவேடு பக்கத்துப் பொட்டல் காடெல்லாம் ஷெட்டாகவும் கிடங்காகவும் எழும்பிய இடம் இது. 1960-ல் எல்லைக்கோட்டை நகர்த்தியபோது சத்தியவேடு சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்குப் போயிற்று, 2022-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. தமிழ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒர்க் ஆர்டர், அட்வான்ஸ், ரன்னிங் பில் என்ற சொற்கள் தெரியாமல் இங்கே டீக்கடையில்கூட ஒதுங்கி நிற்க முடியாது. தோமாவின் கதை புரிவதற்கு இந்த மூன்று சொற்களே போதும்.

கதை இருக்கும் புத்தகத்துக்கு 'தோமாவின் பணிகள்' என்று பெயர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் இருக்கும் எதெஸ்ஸா பக்கம், சிரியாக் மொழியில் எழுதியது. திருச்சபை இதைப் பைபிளில் சேர்க்கவில்லை. குறை சொல்ல முடியாது. முதல் அத்தியாயத்திலேயே இயேசு தன் சீடனை விற்றுவிடுகிறார்.

நடந்தது இதுதான். எருசலேமில் சீடர்கள் கூடி, யார் யார் எந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தோமாவுக்கு வந்தது இந்தியா. டிரான்ஸ்ஃபர் ஆர்டரைப் பார்த்த குமாஸ்தா மாதிரி அவர் முகம் தொங்கிப்போயிற்று. உடம்பு தாங்காது என்றார். நான் எபிரேயன், இந்தியர்களிடம் போய் எந்தப் பாஷையில் பேசுவேன் என்றார். எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், இந்தியா மட்டும் வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு இயேசுவே காட்சி கொடுத்துத் தைரியம் சொன்னார். ஆள் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹப்பான் என்ற வியாபாரி ஊருக்குள் வந்திருந்தான். கோண்டபாரஸ் என்ற ராஜாவுக்குக் கட்டட வேலை தெரிந்த தச்சன் ஒருவன் தேவை, பிடித்து வா என்று அனுப்பியிருந்தார்கள். லேபர் சப்ளை ஏஜென்ட். நடுப்பகலில் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்த அவனிடம் இயேசு நேராகப் போனார்.

"தச்சன் வேணுமா?"

"ஆமாங்க."

"நம்மகிட்ட ஒருத்தன் இருக்கான். விலைக்குத் தரேன்." தூரத்தில் நின்ற தோமாவைக் கைகாட்டினார்.

விலை பேசி முடிந்து, தச்சன் யோசேப்பின் மகன் இயேசு இன்னாருக்கு என் அடிமையை விற்றேன் என்று முறைப்படி விற்பனைச் சீட்டும் எழுதியாயிற்று. ஹப்பான் தோமாவிடம் போய், "அவர் உன் எஜமான்தானே?" என்று கேட்டான். சீடராயிற்றே, எப்படி இல்லை என்பது? "ஆமாம், என் ஆண்டவர்" என்றார். "சரி, உன்னை வாங்கிட்டேன், கெளம்பு" என்றான் ஹப்பான். தோமா வாயே திறக்கவில்லை.

மறுநாள் கப்பலுக்குப் போனபோது அவர் கையில் மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. விற்ற காசு மட்டும் இருந்தது. அதை இயேசு அவரிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். ஆளை விற்று, விற்ற பணத்தை அந்த ஆளிடமே கொடுத்த ஒரே ஏஜென்சி உலகத்தில் இதுதான். தடாவிலிருந்து சத்தியவேடு வரை எந்த மேன்பவர் ஆபீஸிலும் இந்த வழக்கம் இல்லை.

கப்பலில் ஹப்பான் இன்டர்வியூ எடுத்தான். என்னென்ன வேலை தெரியும்? மரத்தில் ஏர், நுகத்தடி, துடுப்பு, பாய்மரம். கல்லில் தூண், கோயில், அரண்மனை. இவ்வளவையும் தோமா அசராமல் சொன்னார். முன் அனுபவச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால் பின்னால் வந்த வம்பு எதுவும் வந்திருக்காது.

கப்பல் முதலில் ஒதுங்கிய ஊரின் பெயரை கிரேக்கப் பிரதி அந்திராபொலிஸ் என்கிறது. உடனே யாரும் துள்ளிக் குதித்து ஊர் எல்லையில் வளைவு கட்ட வேண்டாம். சிரியாக் பிரதியில் அந்த ஊருக்கு சந்தருக் என்று வேறொரு பெயர். அங்கே ராஜா வீட்டுக் கல்யாணம், எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்று தண்டோரா. தோமா பந்தியில் உட்கார்ந்தார், எதையும் தொடவில்லை. கடுப்பான பரிமாறுகிறவன் ஒருவன் அவரை ஓர் அறை விட்டான். அவன் தண்ணீர் எடுக்கக் கிணற்றுப் பக்கம் போனபோது சிங்கம் அடித்துப்போட, அறைந்த கையை ஒரு கறுப்பு நாய் கவ்விக்கொண்டு பந்தி நடுவிலேயே கொண்டுவந்து போட்டது. இதற்கப்புறமும் ராஜா அவரை முதலிரவு அறைக்கு ஆசீர்வாதம் செய்யக் கூப்பிட்டார் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கு என்ன சொல்வது! பிரார்த்தனை முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் இனி பிரம்மச்சரியம்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ராஜா துணியைக் கிழித்துக்கொண்டு ஆளைப் பிடிக்கச் சொன்னபோது கப்பல் போயிருந்தது.

இனி மெயின் சைட்டுக்கு வருவோம்.

கோண்டபாரஸ் ராஜா ஆளைப் பார்த்ததும் ஊருக்கு வெளியே கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். நல்ல இடம். மரம் இருந்தது, தண்ணீர் இருந்தது.

"இங்க நமக்கு ஒரு அரண்மனை கட்டணும், மேஸ்திரி. இப்பவே ஆரம்பிக்கலாமா?"

"இப்ப முடியாது ராஜா. ஐப்பசியில ஆரம்பிச்சு சித்திரையில முடிச்சுக் கொடுத்துடறேன்."

"யோவ், ஊர் உலகமெல்லாம் கோடையிலதான்யா கட்டும்! நீ மழையிலயும் குளிர்லயும் கட்டறேங்கிற?"

"இந்த வேலை அப்படித்தான் ராஜா வரும்."

எந்த கான்ட்ராக்டரும் சொல்லும் பதில். அதற்கு மேல் எந்த ஓனரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. சரி, பிளானைப் போடு என்றார் ராஜா. தோமா நாணல் குச்சி ஒன்றை எடுத்து இடத்தை அளந்து கோடு கிழித்தார். வெளிச்சத்துக்காக வாசல் கிழக்கே. காற்றுக்காக ஜன்னல் மேற்கே. ரொட்டி சுடும் அடுப்பறை தெற்கே. தண்ணீர் வரும் வாய்க்கால் வடக்கே. நம்மூர் வாஸ்துக்காரர் பார்த்திருந்தால் அடுப்பறையைக் கொஞ்சம் அக்னி மூலைக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு, மீதியை அப்படியே பாஸ் பண்ணியிருப்பார். ராஜாவுக்குப் பரம திருப்தி. அடேயப்பா, நீ ராஜாக்களுக்குக் கட்ட வேண்டிய ஆள்தான் என்று சொல்லி, கை நிறைய அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

தோமா அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் மொத்தத்தையும் பங்குபோட்டுக் கொடுத்தார். ஒரு செங்கல் வாங்கவில்லை. ராஜா நாள் தவறாமல் காசும் சாமானும் அனுப்பிக்கொண்டே இருந்தார். அதுவும் ஏழைகளுக்கே போயிற்று. ஒருநாள் ஆளனுப்பி, வேலை எந்த மட்டத்தில் இருக்கிறது, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று விசாரித்தார். தோமா சொல்லியனுப்பிய பதிலை ஒவ்வொரு ஜூலை 3 அன்றும் கல்வெட்டில் பொறித்துக் கும்பிட வேண்டும்: கட்டடம் எழும்பியாயிற்று, கூரை மட்டும்தான் பாக்கி.

கூரைக்குப் பணம் வந்தது. தங்கமும் வெள்ளியுமாக.

அந்த இடத்தில்தான் எனக்கு ராஜாமேல் இரக்கம் வருகிறது. மெஷர்மென்ட் புக் இல்லை. சைட் போட்டோ கேட்கவில்லை. மூன்றாம் ஆளை அனுப்பி ஒரு தடவை சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. தளம் போட மட்டும் பணம் போகிறது. தளத்தைத் தாங்கும் சுவர் எங்கே என்று கஜானாவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் ராஜா நேரில் ஊருக்கு வந்து, தோமா கட்டிய அரண்மனை எப்படி என்று நண்பர்களிடம் விசாரித்தபோதுதான் விஷயம் வெடித்தது. அரண்மனையா? அந்த ஆள் கையில் வந்ததையெல்லாம் தானம் பண்ணிக்கொண்டு அலைகிறான், உடம்பில் ஒரே துணி, சாப்பாடு ரொட்டியும் உப்பும், குடிப்பது பச்சைத் தண்ணீர் என்றார்கள். ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம்.

கான்ட்ராக்டரையும் ஏஜென்டையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன் ராஜா."

"போய்ப் பாக்கலாமா?"

"இப்பப் பாக்க முடியாது. நீங்க செத்தப்புறம் பாக்கலாம். மேல இருக்கு."

இருவரையும் ஜெயிலில் போட்டார்கள். தோலை உரித்துக் கொளுத்துவதா, வேறு ஏதாவது செய்வதா என்று ராஜா அன்றிரவு முழுக்க யோசித்தார்.

யோவான் எழுதிய நற்செய்தி பக்கம் திரும்பிப் பார்த்தால் இந்த பதிலின் நெஞ்சழுத்தம் விளங்கும். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் எல்லோரும் வந்து சொன்னபோது, ஆணி பாய்ந்த காயத்தில் விரலையும் விலாவில் கையையும் விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற ஆள் யார்? இதே தோமா. எட்டு நாள் கழித்து அவருக்காகவே ஆண்டவர் மறுபடி வந்து, விரலை நீட்டு, பார் என்று காட்ட வேண்டியிருந்தது. கிறிஸ்தவ மதத்தின் முதல் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தனக்கென்றால் தொட்டுப் பார்த்துத்தான் கையெழுத்து. ராஜாவுக்கு என்றால் பார்க்காமலே பில்லைப் பாஸ் பண்ண வேண்டும். இந்த வித்தையை நன்றாகத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சைட்டில் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்‌ஷன் பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் பக்கம் தாவியவர்களைவிட ஆபத்தான ஆள் வேறு கிடையாது.

தோமாவைக் காப்பாற்றியது ராஜாவின் தம்பி காத். அண்ணனுக்கு நேர்ந்த ஏமாற்றத்தை நினைத்து நினைத்தே படுத்து, இறந்துபோனான். தேவதூதர்கள் அவனை மேலே கூட்டிப்போய் வரிசையாக மாளிகைகளைக் காட்டி, எதில் இருக்கிறாய் என்று கேட்டார்கள். ஒன்றைப் பார்த்துச் சொக்கிப்போன காத், "சாமி, இதுல கீழ்த்தளத்துல ஒரு ரூம் கெடச்சாகூடப் போதும்" என்றான். அது உன் அண்ணனுடையது, தோமா கட்டியது என்றார்கள். காத் வியாபாரம் தெரிந்தவன். அண்ணனுக்கு இந்த மாளிகையின் மதிப்பு தெரியாது, திரும்ப அனுப்புங்கள், போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினான். கீழே பிணத்துக்குத் துணி உடுத்திக்கொண்டிருந்தபோது எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் கேக்கறதைக் கொடுப்பேன்னு சத்தியம் பண்ணு."

"ராஜ்யத்துல பாதி கேட்டாலும் தரேன்டா தம்பி."

"மேல உனக்கு ஒரு வீடு இருக்கில்ல, அதைக் கொடு."

"எனக்கு மேல ஏதுடா வீடு?" என்றவருக்கு ஜெயிலில் இருக்கும் மேஸ்திரி ஞாபகம் வந்தது. அடுத்த நொடியே ராஜா சுதாரித்துக்கொண்டார். அதை விற்க முடியாது தம்பி, அந்த ஆள் உயிரோடுதான் இருக்கிறான், உனக்கு அதைவிட நல்லதாக வேறொன்று கட்டித் தருவான் என்றார்.

ஒரு செங்கல்கூட வைக்காத கான்ட்ராக்டருக்கு அதே ஓனரிடமிருந்து இரண்டாவது ஒர்க் ஆர்டர்! ஏழைகள் சாப்பிட்டார்கள், ராஜாவுக்கு வீடு கிடைத்தது, தோமாவின் தோல் உடம்பிலேயே இருந்தது. நஷ்டம் கஜானாவுக்கு மட்டும்தான். கொடுத்த பணத்தில் நடுவில் ஒருவனும் கமிஷன் அடிக்காமல், கடைசிக் காசு வரை ஏழைக்கே போய்ச் சேர்ந்த அரசாங்கத் திட்டம் என்று பார்த்தால், நான் கேள்விப்பட்டவரை இதற்கு நிகராக ஒன்றும் இல்லை. அதற்காகவே அந்தப் போலி ரன்னிங் பில்லை நான் மன்னித்துவிட்டேன்.

கோண்டபாரஸ் கற்பனை ராஜாவாகத்தான் இருப்பார் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் காபூல், பஞ்சாப் பக்கங்களில் அவர் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. முதலாம் நூற்றாண்டில் உண்மையாகவே ஆண்ட பார்த்திய ராஜா. ஆக, நாணயம் கிடைத்துவிட்டது, அரண்மனைதான் கிடைக்கவில்லை. தணிக்கை அறிக்கை இதைவிடச் சுருக்கமாக இருக்க முடியாது.

அங்கிருந்து தோமா மஸ்தாய் என்ற இன்னொரு ராஜாவின் நாட்டுக்குப் போனார். நடுவில் பேசுகிற காட்டுக் கழுதைகளெல்லாம் வருகின்றன, அவற்றைத் தாண்டிவிடுவோம். அங்கே மறுபடி அதே பிரம்மச்சரியப் பிரசங்கம். ராஜாவின் சொந்தக்காரர் மனைவி புருஷனைத் தள்ளிவைத்தாள். புத்தி சொல்லப் போன ராணியும் அவளோடு சேர்ந்துகொண்டாள். ராஜாவின் மகனும் அந்தப் பக்கம் சாய்ந்தான். வரி கொடுக்காதே என்று சொன்னவர்களை ராஜாக்கள் சில சமயம் விட்டுவைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் புகுந்து கலகம் செய்தவனை விட்டுவைத்ததில்லை. ஊர் திரண்டுவிடுமே என்ற பயத்தில் ஊருக்கு வெளியே ஒரு மலைக்குக் கொண்டுபோய், நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்தினார்கள். அந்த மலை பரங்கிமலை, வருஷம் கி.பி. 72 என்பது நம்மூர் மரபு. புத்தகம் ஊர்ப் பெயர் சொல்லவில்லை.

1290-களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கேட்ட கதை வேறு. துறவி காட்டில் குடிசைக்கு வெளியே பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறார், சுற்றிலும் மயில்கள் மேய்கின்றன. மயிலைக் குறிவைத்து ஒருவன் அம்பு விட, அது துறவியின் வலது விலாவில் பாய்ந்துவிட்டது. அவன் அவரைப் பார்க்கவே இல்லை. மயிலாப்பூரில் மயில் இருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் வேதத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சி என்ற கணக்கு இடிக்கிறதே! எங்கள் பக்கத்து ஃபேக்டரி வாசல்களில் விபத்தில்லா நாட்கள் என்று போர்டு தொங்கும். சேஃப்டி ஆபீசரைக் கேட்டால், இது பணியிட விபத்து, ரிப்ளெக்டர் ஜாக்கெட் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பார்.

செத்த பிறகுதான் தோமாவுக்கு உண்மையான அலைச்சல். எலும்புகள் எதெஸ்ஸாவுக்குப் போயின. 1144-ல் எதெஸ்ஸா விழுந்ததும் கியோஸ் தீவுக்குப் போயின. 1258-ல் இத்தாலியின் ஓர்த்தோனா ஊர்க் கப்பல்காரர்கள் அங்கிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஓர்த்தோனாவில்தான் இருக்கின்றன என்கிறது ஓர்த்தோனா. நம்முடைய கட்சி வேறு. 1517-ல் மலாக்காவிலிருந்து பழவேற்காட்டில் வந்து இறங்கிய போர்ச்சுகீசியர்களை ஓர் ஆர்மேனிய வியாபாரி மயிலாப்பூருக்குக் கூட்டிப்போய்க் கல்லறையைக் காட்டினார். 1523-ல் தோண்டியபோது எலும்பு, ஈட்டி முனை, ஒரு மண்பானை எல்லாம் கிடைத்தன. இத்தாலிக்குப் போன உடம்பு மயிலாப்பூரிலும் இருந்தது. ஸ்டாக் டபுள் என்ட்ரி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 1953-ல் ஓர்த்தோனாவிலிருந்து ஒரு கை எலும்பு கேரளத்துக் கொடுங்கல்லூருக்குத் திரும்பி வந்தது. தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரின் எலும்பைத் தொட்டுப் பார்க்க ஆளாளுக்கு இவ்வளவு அடிதடி.

ஜூலை 3-ம் இந்த டிரான்ஸ்போர்ட் கணக்கில் வந்ததுதான். ரோமாபுரிக் காலண்டரில் அவர் நாள் வெகுகாலம் டிசம்பர் 21. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் அமுங்கிப்போகிறது என்று 1969-ல் ஜூலைக்கு மாற்றினார்கள். அந்தத் தேதியை எங்கிருந்து எடுத்தார்கள்? உடல் எதெஸ்ஸாவுக்கு மாற்றப்பட்ட நாள் என்று பழைய மரபில் இருந்த தேதி. டெலிவரி ஆன நாளையே திருநாளாகக் கொண்டாடும் பாக்கியம் வேறு யாருக்கு வாய்க்கும்?

பரங்கிமலைச் சிலுவைக் கதையையும் விட மனமில்லை. 1547-ல் மலையுச்சியில் அஸ்திவாரம் தோண்டும்போது கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. சுற்றிலும் யாருக்கும் புரியாத எழுத்து. போர்ச்சுகீசியர்கள் ஒரு பண்டிதரைக் கூட்டிவந்தார்கள். அவர் எழுத்தைக் கூர்ந்து பார்த்து, தோமா வந்தது, போதித்தது, செத்தது வரை விலாவாரியாகக் கதை படித்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு பண்டிதரைத் தனியாக வரவழைத்தார்கள். அவரும் அதே கதையைப் படித்தார்! 1873-ல் பர்னல் என்ற துரை, இது பஹ்லவி எழுத்து, பாரசீகக் கிறிஸ்தவர்கள் பொறித்த சின்னப் பிரார்த்தனை வாசகம் என்றார். நாலு சொல்லிலிருந்து அவ்வளவு நீளக் கதை எடுத்த பண்டிதர்களை டெண்டர் டாக்குமென்ட் எழுத உட்கார வைத்திருக்கலாம்.

கிடங்கு வைத்திருப்பவர்களுக்காக மார்க்கோ போலோ சொல்லும் இன்னொன்று இருக்கிறது. 1288-ஆம் வருஷம். மயிலாப்பூர்ப் பக்கத்துப் பிரபு ஒருவருக்கு அந்த வருஷம் அரிசி ஏராளம், வைக்க இடமில்லை. தோமா கோயிலைச் சுற்றி யாத்திரிகர்கள் தங்கும் வீடுகள் இருந்தன. அத்தனையிலும் மூட்டையை அடுக்கிவிட்டார். கோயில்காரர்கள் காலில் விழுந்து கெஞ்சினார்கள், ஐயா, வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்று. பிரபு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிரவு தூக்கத்தில் தோமா வந்தார். கையில் மூலைமட்டம் இல்லை, ஒரு கவைக்கோல். அதைப் பிரபுவின் தொண்டையில் அழுத்தி, "என் வீடுங்களை உடனே காலி பண்றியா, இல்ல கேவலமா சாவறியா?" என்றார். பிரபு எழுந்தபோது கழுத்து வலித்ததாம். விடிந்ததும் விடியாததுமாக மூட்டையெல்லாம் வெளியே வந்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் இல்லை, ஸ்டே ஆர்டர் இல்லை. நடந்ததை அந்த மனிதர் தானே ஊர் பூராவும் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.